இணைப்பில் இருங்கள்

முழங்கால் அறுவைக்கு யார் பணம் கட்டுவது என்று கேட்க
காப்பீட்டு நிறுவனத்தை அழைத்தேன்.
ஒன்றை அழுத்து என்றது, மூன்றை அழுத்து என்றது,
உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றொரு பொய் சொல்லி
லெமுவல் காடிஸை என் காதில் வைத்துவிட்டுப் போனது.

அவனேதான்.
சுரத்துக்கு முன்னால் அந்த மூச்சு.
கதவைத் தட்டாமலே உள்ளே வந்துவிட்டு
அப்புறம் தொண்டையைச் செருமுகிறவனைப் போல.
ஆயிரம் சாக்ஸபோன் ஊதட்டும், சொல்லிவிடுவேன்.

டொலீடோவில், இடித்துத் தள்ளுவதற்கு முந்தைய டோர் தெரு.
வாரத்துக்கு ஆறு இரவு, ஆளுக்குப் பன்னிரண்டு டாலர்.
நான் ஆர்கன். டூயி பங்க்ஸ்டன் டிரம்ஸ்.
லெமுவல் பகலெல்லாம் கண்ணாடி ஆலையில்
புட்டி எண்ணிவிட்டு வருவான், சட்டையில் சூளை வாடையோடு.
சீவாளியை வாயில் ஊறப்போட்டபடியே
என் தட்டில் கை வைப்பான்.
அந்நாளில் அவன் தொனி
கம்பளியில் சிக்கிய முள்.
இழுத்தால் ஊரே பிரிந்து வரும்.
வறுத்த மீனை வாய்க்குக் கொண்டுபோனவர்கள்
பாதியில் நிறுத்திய கையோடு
அவன் ஒரு கார்வையை முடிக்கக் காத்திருப்பார்கள்.
மீன் ஆறிவிடும்.

எழுபத்து நான்கு, டெட்ராய்ட். பதிவுக்கூடம்.
பாட வேண்டியவள் வரவில்லை;
பனி என்றாள், ஒருவன் என்றார்கள்.
வாடகை மணிக்கணக்கில் ஓடுகிறது.
அவள் பாட்டை நீ ஊது என்றார் தயாரிப்பாளர்,
வாயில் சொல் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஊது.
ஊதினான்.

அதன்பின் நாடு முழுக்க
கார்களில், முடிதிருத்தும் கடைகளில்,
கல்யாணமான இரவுகளில், ஆகாத இரவுகளிலும்,
வெள்ளைக்காரப் பல்மருத்துவர்களின் வரவேற்பறையில்
எங்கள் டோர் தெரு
குளித்துப் பவுடர் போட்டு உட்கார்ந்திருந்தது.
முப்பது வயலின், நீருக்கடியில் வாசிப்பதுபோல ஒரு மின்பியானோ.
உறையில் அவன்: தந்த நிற சூட்,
பொத்தான் போடாத மார்பு,
யாருடையதோ ஒரு படகு.

வெதுவெதுப்பான பால் என்று எழுதியது ஜாஸ் பத்திரிகை.
டூயி அந்த இசைத்தட்டைக் காசு கொடுத்து வாங்கி
அதன் மேல் பன்றி விலா பரிமாறினான்.
நான் சிரித்தேன், இரண்டாவது துண்டும் கேட்டேன்.
என் வீட்டில் இருந்ததை அவனிடம் சொல்லவில்லை.
இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு.
இரண்டு ஊசி தேய்ந்தன.

எண்பத்து மூன்றில் ஊருக்கு வந்தான்.
பெரிய அரங்கம், தோல் இருக்கைகள்,
எனக்கு முதல் வரிசை அனுமதிச்சீட்டு.
ஒப்பனை அறையில் பூக்களுக்கு நடுவே
சாதாரண மனிதன் மாதிரி காலுறையோடு இருந்தான்.
‘வெர்டெல், அந்த மூன்றாவது பாட்டில்,
வயலின்கள் ஏறுமிடத்தில் ஒரு சுரம் தப்பு.
அரை இழை கீழே. அப்படியே விட்டுவிட்டார்கள்.
பத்து லட்சம் பேர் வாங்கினார்கள், ஒருவர் சொல்லவில்லை.
நீ கேட்டாயா?’

நான் அந்த ரகமெல்லாம் கேட்பதில்லை என்றேன்.

தலையாட்டினான்.
ஷூவைப் போட்டுக்கொண்டான்.
அவன் செத்து இந்த மார்ச்சோடு ஒன்பது வருடம்.

இருபத்திரண்டு நிமிடம். முழங்கால் தெறிக்கிறது.
தொலைபேசி அவனை நசுக்கிப் பிழிந்ததில்
வயலின்கள் காணாமல் போய்விட்டன,
மின்பியானோவும் போயிற்று.
ஊதல் மட்டும் தகரக் குரலில்,
ஆலை வேலை முடித்து வந்தவன் மாதிரி.
சமையலறை மேசையில் என் இடது கை தானாகவே
அவனுக்கு அடிச்சுரம் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது.
ரொட்டித்தூள் மேல் நான்கு விரல்.

ஏறுகிறது.
ஏறுகிறது.
இதோ, அரை இழை கீழே.
முள் இன்னும் இருக்கிறது.

‘கேட்டேன், லெமுவல்.’

‘மன்னிக்கவும், திருமதி ஓக்ஸ்,’ என்றது ஒரு சின்னப்பெண் குரல்,
‘என்ன சொன்னீர்கள்?’
காப்பீட்டு எண்ணைச் சொன்னேன்.
ஒரு இலக்கம் மாற்றிச் சொல்லிவிட்டேன் போல,
சரிபார்க்க வேண்டும், இணைப்பிலேயே இருங்கள் என்றாள்.

இருந்தேன்.